மருதத்திணையில் புல்லட்: ஓர் இலக்கண ஆய்வு

பாயிரம்

ஐந்திணைக்கும் இலக்கணம் சொன்ன தொல்காப்பியர், மருத நிலத்து மாட்டுக் கொட்டகையில் ஒருவன் பழைய புல்லட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வருஷக் கணக்கில் உட்கார்ந்திருப்பான் என்று எங்கும் சொல்லவில்லை. இதைக் குறையாகக் கொள்ளலாகாது. அவர் வகுத்த முதல், கரு, உரி என்னும் மூன்றுக்குள் இந்நிகழ்வு ஒரு நட்டு கூட மிச்சமில்லாமல் அடங்கிவிடுகிறது என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். மிச்சமாகும் நட்டுகள் பற்றித் தனியே பேசப்படும்.

ஆய்வு எல்லை: கல்லணைக்குக் கிழக்கே, கடலுக்கு மேற்கே, வெண்ணாறும் வெட்டாறும் குடமுருட்டியும் அரசலாறும் பாயும் ஊர்கள். ஆய்வுப் பொருள்: திருவொற்றியூரில் செய்யப்பட்ட 350 சி.சி. புல்லட். யெஸ்டியும் ராஜ்தூத்தும் தனி ஆய்வுக்கு உரியவை. ஆர்.எக்ஸ். 100 பற்றிப் பேசத் தொடங்கினால் எந்தக் கட்டுரையும் முடிந்ததாக வரலாறு இல்லை.

வரலாற்றுப் பின்புலம்

புல்லட் என்ற பெயர் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் 1932இல் வழக்குக்கு வந்தது. 1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு இவ்வண்டியைத் தேர்ந்தெடுத்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் ரெட்டிச்சுடன் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. பிற்பாடு ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. திருவொற்றியூர் மூடவில்லை. 1977 முதல் புல்லட்டைப் பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதி செய்தது.

தஞ்சையில் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952இல். மிராசுதாரின் வில்வண்டி மெல்ல ஒதுங்கியதும் புல்லட் தெருவுக்கு வந்ததும் அதையடுத்த ஆண்டுகளில்தான். மாட்டைப் பூட்டி அவிழ்க்க ஆள் கிடைக்காத இடத்தில், தானே உதைத்துக் கிளப்பும் வண்டி நுழைந்தது என்பது இக்கட்டுரையாளரின் கருதுகோள். எதிர்வாதம் உடையவர்கள் ஒரு பழைய புல்லட்டை உதைத்துப் பார்த்துவிட்டு வரலாம். ஆள் தேவை குறையவில்லை என்று அவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

1. முதற்பொருள்: நிலமும் பொழுதும்

நிலம் என்பது இங்கே வீட்டுக் கொல்லையில் உள்ள மாட்டுக் கொட்டகை. டிராக்டர் வந்தது, உழவு மாடு போனது, கொட்டகை காலியானது. காலியான கொட்டகை, இயற்கையின் நியதிப்படி, ஒரு புல்லட்டை ஈர்க்கிறது. ஒரு பக்கம் வைக்கோல், மறுபக்கம் பத்தாயம், நடுவில் முளைக்குச்சியில் சங்கிலி போட்டுப் பூட்டிய சேஸிஸ். மாடு கட்டிய அதே முளைக்குச்சிதான்.

பொழுது இருவகை. மருதத்துக்குப் பெரும்பொழுது ஆறும் உரியவை என்பது இலக்கணம். கள ஆய்வும் அதையே காட்டுகிறது. சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் கைக்கு வரும் தை, மாசியில் சிலிண்டரைப் போர் பண்ணுவதும் பழைய ரிம்முக்குக் குரோமியம் ஏற்றுவதும் நடக்கும். பங்குனி, சித்திரை பெயிண்டுக்கு உரிய காலம். ஜூன் 12இல் மேட்டூர் திறந்துவிட்டால் குறுவை நாற்றங்கால் வேலை வந்துவிடும். வண்டி சாக்கு போர்த்திக்கொண்டு தூங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்பிரே அடித்தால் காற்றின் ஈரம் பட்டு பெயிண்ட் வெளுத்துப் பூத்துவிடும். சுரண்டிவிட்டு மறுபடி பட்டி பார்க்க வேண்டும். ஆக, ஆறு பருவத்திலும் புல்லட் கொட்டகையிலேயே இருக்கிறது. இலக்கணம் பொய்க்கவில்லை.

சிறுபொழுது வைகறை. அகப்பாட்டுத் தலைவன் பரத்தையர் சேரியிலிருந்து வீடு திரும்பும் நேரம் அது. நம் தலைவன் கொட்டகையிலிருந்து கைமுழுக்கக் கரியோடு உள்ளே வருவதும் அப்போதுதான். வாசலில் நிகழ்வதும் பெரும்பாலும் ஒன்றே. அது உரிப்பொருளில் விளக்கப்படும்.

2. கருப்பொருள்

விலங்கு: எலி. மருதத்துக்கு எருமையும் நீர்நாயும் சொல்லப்பட்டிருந்தாலும், ஒயரிங்கைக் கடிக்கும் ஆற்றல் எலிக்கே உண்டு. நெல் தின்ற வாய்க்கு ஒயர் தொடுகறி.

புள்: கோழி. சீட்டின் மேல் அடையும். புதிதாகத் தைத்த சீட் என்றால் இன்னும் விருப்பம்.

உணவு: தேநீர். ஊறப்போட்ட உதிரிகளுக்கு மண்ணெண்ணெய். இரண்டும் ஒரே மாதிரி டம்ளரில் வைக்கப்படுவதால் ஆய்வாளர்கள் முகர்ந்து பார்த்துக் குடிப்பது நலம்.

யாழ்: ஸ்போக்ஸ். வீல் கோட்டம் எடுப்பவர் ஒவ்வொரு ஸ்போக்கையும் ஸ்பானரால் தட்டிக் கேட்கிறார். இறுக்கம் சரியாக இருந்தால் கணீரென்றும், தளர்ந்திருந்தால் மொக்கையாகவும் ஒலிக்கும். எல்லாம் ஒரே சுருதிக்கு வந்தபின்தான் ரிம் ஆடாமல் சுற்றும். வீணை செய்யும் தஞ்சையில் இது வியப்பன்று.

பறை: எஞ்சின் ஓசை. பிஸ்டன் விட்டம் 70 மி.மீ., அது ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ.; ஒரே சிலிண்டர்; கனத்த ஃப்ளைவீல். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிதான் என்பதால் ஸ்லோவில் ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் காதில் விழும். பம்புசெட் ஓசைக்கும் இதற்கும் உள்ள உறவைக் கிழவர்கள் அறிவார்கள். இவ்வுறவை உறுதிப்படுத்துவதுபோல் நிறுவனமே பிற்காலத்தில் 325 சி.சி. டீசல் புல்லட் ஒன்றை விற்றது. மோட்டாருக்கும் வண்டிக்கும் ஒரே டீசல் கேன் போதும் என்பதால் உழவர் மரபில் அதற்குத் தனி மரியாதை.

தொழில்: உதைத்தல். இதற்கு விதி உண்டு. சாவியைப் போட்டு, ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல மிதிக்க வேண்டும். பிறகு டீகம்ப்ரசர் பிடியை இழுத்து, கிக்கரை இன்னும் சிறிது இறக்கி, பிடியை விட்டுவிட்டு, மேலிருந்து முழுமையாக ஒரே உதை. முறை தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். அடிபட்டவர் நடக்கும் விதத்தைக் கொண்டே, அவர் எந்த ஆண்டு வண்டி வைத்திருக்கிறார் என்று சொல்லும் மெக்கானிக்குகள் டெல்டாவில் உண்டு.

மக்கள்: உரிமையாளர், மெக்கானிக், லேத்து மேஸ்திரி, காயலான் கடைக்காரர், சும்மா பார்க்க வந்தவர். ஐவரில் இறுதியாகக் குறிக்கப்பட்டவரே எல்லாம் அறிந்தவர். செப்பும் ஈயமும் உருக்கிச் சிலை வார்க்கும் சுவாமிமலை கூப்பிடு தூரத்தில் இருக்க, கனெக்டிங் ராடுக்கு ஒரு வெண்கல புஷ் வேண்டுமென்றால் சென்னை ஜி.பி. ரோட்டுக்கோ டெல்லி கரோல் பாகுக்கோ ஆள் அனுப்பச் சொல்வது அவர்தான்.

3. உரிப்பொருள்: ஊடலும் ஊடல் நிமித்தமும்

மருதத்தின் உரிப்பொருள் ஊடல் என்பதில் உரையாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. காரணம் மட்டுமே காலத்தால் மாறியிருக்கிறது. பொருளியலும் ஒன்றுதான்: கொள்முதல் பணம் வீட்டு வாசலைத் தாண்டி வேறிடம் போகிறது.

ஊடலின் உச்சம் அண்டாவால் விளைகிறது. அலுமினியம் எஃகைவிட அதிகம் விரியும். ஆகவே கிராங்க்கேஸைச் சூடுபடுத்தினால் உள்ளே இறுகிய பேரிங், சுத்தியல் படாமல் கழன்றுவிடும். இது அறிவியல். கிராங்க்கேஸை முழுதாக மூழ்க வைத்துக் கொதிக்கவிடும் அளவுக்கு வீட்டில் இருக்கும் ஒரே பாத்திரம் நெல் அவிக்கும் அண்டா. இது விதி.

களத்தில் பதிவான உரையாடல் ஒன்று, பெயர் நீக்கித் தரப்படுகிறது:

"ஏங்க, இந்த அண்டாவுல இனிமே நெல்லு அவிச்சா சோறு ஆயில் வாடையடிக்காதா?"

"புளி போட்டு வெளக்கிடலாம்."

"யாரு வெளக்குறது?"

இக்கேள்விக்குத் தலைவன் விடை சொன்னதாகச் சான்று இல்லை. இங்கேதான் வாயில்கள் வருகிறார்கள். சங்கப் பாட்டில் பாணன் செய்த வேலையை இப்போது மெக்கானிக் செய்கிறார்.

"அக்கா, இன்னும் ஒரே ஒரு சாமான்தான் வரணும். வந்துட்டா வண்டி வெளிய போயிடும், கொட்டகை உங்களுக்கு."

"போன அறுப்புலயும் இதைத்தான் சொன்னீங்க தம்பி."

இதற்கு வாயில் மறுத்தல் என்று பெயர்.

4. அசலா, மாற்றமா?

பழைய வண்டியைச் செப்பனிடுவோர் இரு பள்ளிகளாகப் பிரிந்துள்ளனர். அசல்வாதிகள், கியர் வலது காலில், பிரேக் இடது காலில், மேலே ஒன்று கீழே மூன்று என்று பிறந்தபடியே வைப்பவர்கள். டேங்கின் பொன்வரியைக்கூட ஸ்டிக்கர் ஒட்டாமல் தூரிகையால் இழுக்க வேண்டும் என்பார்கள். மாற்றுவாதிகள் 6 வோல்ட்டை 12 ஆக்குவார்கள், முன்னால் டிஸ்க் பிரேக் போடுவார்கள், ஷார்ட் பாட்டில் சைலன்சர் மாட்டி ஊரை எழுப்புவார்கள்.

சட்டம் அசல்வாதிகள் பக்கம். 2021இல் வந்த மத்திய விதிகள், முதற்பதிவாகி 50 ஆண்டு தாண்டி, அசல் வடிவம் மாறாமல் இருக்கும் வண்டியையே விண்டேஜ் என்கின்றன, அதற்கு வி.ஏ. என்று தனி எண் வரிசையும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

ஆயினும் டெல்டாவுக்கு இவற்றைவிட மூத்த முன்மாதிரி ஒன்று உண்டு. திருவாரூர் ஆழித்தேர் 1926இல் எரிந்துபோனது. 1930இல் புதிதாகச் செய்தார்கள். பிறகு பல ஆண்டுகள் ஓடாமல் நின்று, திருச்சி பெல் நிறுவனத்தின் உதவியால் 1970இல் மீண்டும் ஓடியது. இரும்புச் சக்கரம் வந்தது. ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தது. மரம் புதிது, சக்கரம் புதிது, பிரேக் புதிது. ஆனாலும் வடம் பிடிப்பவர் எவரும் அதை வேறு தேர் என்று சொல்வதில்லை. அதே நான்கு வீதி, அதே ஆட்டம், அதே ஆரூரா, தியாகேசா. தேருக்கு அடுக்கும் பிரேக் புல்லட்டுக்கு அடுக்காதா என்று மாற்றுவாதிகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தேருக்கு ஆர்.சி. புத்தகம் இல்லை என்று அசல்வாதிகள் சொல்லும் மறுப்பிலும் நியாயம் இருக்கிறது.

இக்கட்டுரையின் தீர்ப்பு இது: பிரேக், விளக்கு, டயர் ஆகியவை உயிர் காப்பவை; அனுமதி பெற்றுச் செய்யும் மாற்றத்தைப் பழுதென்று கொள்ள வேண்டாம். ஓசை ஊர்ப் பொது. அதில் கைவைப்பது குற்றம். தூரத்தில் வரும்போதே யார் வீட்டு வண்டி என்று தெருவுக்குத் தெரிவதுதான் புல்லட்டின் அடையாளம். அது போனபின் எத்தனை அசல் போல்ட் இருந்தும் பயனில்லை.

5. மிச்ச நட்டு இயல்

பூட்டி முடித்தபின் சில நட்டுகள் மிஞ்சும். அவை தேவையற்றவை என்றும், வடிவமைத்தவரே பிழை செய்தார் என்றும் கொள்வது ஒரு சாரார் மரபு. ஏற்கத்தக்கதன்று. கழற்றும்போதே படம் எடுத்து, ஒவ்வொரு பகுதியின் நட்டு போல்டையும் தனித்தனி டப்பாவில் பெயரெழுதி வைத்தவருக்கு இவ்வியல் தேவைப்படாது. மரை தேய்ந்ததை அடித்து ஏற்றாமல் லேத்துக்குக் கொண்டுபோனவருக்கும் அப்படியே.

முடிவுரை

திணை, துறை, தேர், ஓசை என்று எத்தனை இயல் வகுத்தாலும் இந்த ஆய்வின் தெய்வம் ஒருவரே. மருதத்துக்கு வேந்தன் போல, புல்லட்டுக்குப் பிரேக் இன்ஸ்பெக்டர். அவர் பாட்டையும் கேட்கமாட்டார், பறையையும் கேட்கமாட்டார். சேஸிஸ் எண்ணைத் தேய்த்துப் பார்த்துப் புத்தகத்தோடு ஒப்பிடுவார். ஆகவே வாசகர்களுக்கு ஒரு சொல்: காயலான் கடையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், ஆர்.சி. இல்லாத புல்லட்டை வாங்காதீர்கள். வாங்குவதற்கு முன் அண்டாவையும் இன்னொன்று வாங்கிவிடுங்கள்.