டெட்ராய்ட்டிலிருந்து ஒரு வண்டிக் கடிதம்

ட்ராய், மிச்சிகன்.
ஆவணி மாதம்.

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

இங்கே நாங்கள் யாவரும் க்ஷேமம். அங்கே தாங்கள், அத்தை, மாப்பிள்ளை ஆகியோரின் க்ஷேமத்திற்கு எழுதவும். தங்கள் ஜீப்பின் க்ஷேமத்தைத் தனியாக விசாரிக்காமல் விட்டால் தாங்கள் மனஸ்தாபப்படுவீர்கள் என்பது குடும்பத்தில் யாவரும் அறிந்த விஷயமாகையால், அதையும் விசாரித்ததாகக் கருத வேண்டுகிறேன்.

மோட்டார்த் தொழிலின் தலைநகரம் என்று பெயர் வாங்கிய டெட்ராய்ட்டுக்குப் பக்கத்திலேயே உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தும், கார் என்பது காலையில் ஆபீசுக்குக் கொண்டுபோய் மாலையில் வீட்டில் கொண்டுவந்து விடும் ஒரு சாதனம் என்ற பாமர எண்ணத்தோடு காலம் கழித்து வந்த என்னை, ஆபீஸ் சிநேகிதர் ஒருவர், ஆகஸ்ட் மாதத்து மூன்றாவது சனிக்கிழமையன்று, உட்வர்ட் அவென்யூ என்னும் சாலையில் நடக்கும் 'ட்ரீம் க்ரூஸ்' என்ற கார் ஊர்வலத்துக்கு அழைத்துப் போனார். ஃபெர்ன்டேலில் தொடங்கிப் பான்டியாக் வரையில் சுமார் 16 மைல் தூரத்துக்குச் சாலையின் இருமருங்கிலும் ஜனங்கள் மடக்கு நாற்காலி, குடை, ஐஸ் பெட்டி சகிதமாக அமர்ந்திருக்க, நடுவே பழைய கார்களும், பழைய கார்களை வெட்டி ஒட்டிப் புதிதாக்கிய கார்களும், புதிய கார்களைப் பழையவைபோல் ஆக்கிய கார்களும் காலையிலிருந்து இருட்டுகிற வரையில் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தன. எங்கே போகிறார்கள் என்று கேட்டேன். எங்கேயும் போகவில்லை, போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று சிநேகிதர் விடை சொன்னார். ஐந்நூறு குதிரைசக்தியை ஓர் இன்ஜினுக்குள் அடக்கிவைத்திருக்கும் சீமான், கியரை மாற்றவும் வழியின்றி, அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருக்க, கையில் சோளப்பொரிப் பொட்டலத்தோடு ஓரமாக நடந்துபோன ஒரு கிழவர் அவரை அநாயாசமாக முந்திச் சென்றதை என் கண்ணால் கண்டேன். ஊர்வலம் 1995இல் ஆரம்பித்ததாம். பிள்ளைகள் கால்பந்து ஆட ஒரு மைதானம் அமைக்கப் பணம் சேர்ப்பதற்காக ஃபெர்ன்டேல்காரர்கள் செய்த யுக்தியாம். முப்பது நாற்பதாயிரம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் இரண்டரை லட்சம் பேர் வந்து நின்றார்களாம். இப்போது பத்து லட்சம் என்று கணக்குச் சொல்கிறார்கள். அதில் பாதியைத் தள்ளுபடி செய்தாலும், நான் அகப்பட்டுக்கொண்ட நெரிசலுக்கு அது போதுமானது.

ஓரமாக நிறுத்தியிருந்த வண்டிகளில் ஒன்றை மட்டும் விஸ்தாரமாக எழுத வேண்டும். 1950ஆம் வருஷத்து மெர்க்குரி கார். அதன் கூரையைத் தாங்கும் தூண்களை அறுத்து, சில அங்குலங்களைக் கழித்துவிட்டு, கூரையை மறுபடியும் கீழே இறக்கி ஒட்டியிருந்தார்கள். கதவுக் கைப்பிடிகளைப் பிடுங்கி எறிந்து, அவை இருந்த துவாரங்களைத் தடம் தெரியாமல் அடைத்திருந்தார்கள். கதவை எப்படித் திறப்பது என்று கேட்டதற்கு, சொந்தக்காரர் மர்மமாகப் புன்னகை செய்து, மறைவாக இருந்த ஒரு பொத்தானை அழுத்தினார். ஒட்டுப்போட்ட இடங்களில் எல்லாம் தகரத்தைச் சூடேற்றி, ஈயக் கட்டியை உருக்கி, மரத் துடுப்பால் தேய்த்து இழைத்து, அரத்தால் அராவி, விரலை வைத்துத் தடவினாலும் மூட்டு தென்படாதபடி செய்வதுதான் இந்தச் சாஸ்திரத்தின் ஆதாரமான வித்தையாம். நம் தெருவில் துருத்தியும் நவச்சாரமுமாக வந்து உட்கார்ந்து பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிக் கொடுப்பாரே, அவர் ஒரு மோட்டார்க் கார் முழுவதற்கும் பூச ஒப்புக்கொண்டிருந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கலிபோர்னியாவில் ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் என்ற சகோதரர்கள் இந்தக் கலையில் பேர் போனவர்கள். 1952இல் ஹிரோஹாட்டா என்ற ஜப்பானிய வம்சத்து இளைஞருக்காக அவர்கள் வெட்டி ஒட்டிக் கொடுத்த மெர்க்குரி, எழுபது வருஷம் கழித்து, 2022இல், ஏலத்தில் இருபது லட்சம் டாலரைத் தொட்ட விலைக்குப் போயிற்று.

இனிமேல்தான் தங்களுக்கு ருசிக்கும் செய்தி. சிறிது தூரம் தள்ளி ஒருவர், யுத்த காலத்து வில்லிஸ் ஜீப் ஒன்றை, ஓர் ஆணிகூட மாறாமல், பட்டாளத்துப் பச்சை வர்ணத்தோடு நிறுத்திவைத்துக்கொண்டு, அதன் பூர்வோத்தரத்தை வருவோர் போவோருக்கெல்லாம் எடுத்துரைத்துக்கொண்டிருந்தார். அந்த ஜீப் பிறந்த டொலிடோ நகரம் இங்கிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரப் பிரயாணந்தான். மஹிந்திரா கம்பெனியார் பம்பாயில் உதிரிப் பாகங்களைச் சேர்த்துப் பூட்ட ஆரம்பித்ததும் இந்த வில்லிஸ் ஜீப்பைத்தான். ஆகவே தங்கள் வண்டியின் பாட்டி வீடு எனக்கு அயல் ஊராகிவிட்டது. இந்த உறவு முறையைச் சொல்லி, கைபேசியில் இருந்த தங்கள் ஜீப்பின் படத்தை அவரிடம் நீட்டினேன். பின்புறம் நீட்டி வெல்டிங் வைத்த பாடி, எதிரெதிராக இரண்டு பெஞ்சு, மேலே இரும்புக் கேரியர், அதன்மேல் வருசநாட்டு இலவம்பஞ்சு மூட்டைகள், பின்படியில் கம்பியைப் பிடித்து நிற்கும் ஜனங்கள். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு, "இது நான்கு பேர் போகிற வண்டி ஆயிற்றே?" என்றார். "ஆமாம், டிரைவர் பக்கத்தில் மட்டும் நான்கு பேர்" என்றேன். பிறகு நெடுநேரம் அவர் தம் ஜீப்பைப் பற்றிப் பேசவே இல்லை.

இந்த ஊரில் குளிர்காலத்தின் கடைசியில் 'ஆட்டோராமா' என்று ஒரு கண்காட்சி நடக்கிறது. 1953 முதல் நடந்து வருவது. சென்ற மாசியில் அதையும் பார்த்தேன். மூடிய லாரியில் ஏற்றிவந்து இறக்கிய கார்களைச் சுற்றிலும் கயிறு கட்டி, அடியில் கண்ணாடி பதித்து, வயிற்றுப்புறத்து நட்டும் போல்ட்டும் மின்னுவதை நாம் குனிந்து தரிசிக்கும்படி வைத்திருக்கிறார்கள். 1964 முதல் வழங்கப்படும் ரிட்லர் விருது என்பது இங்கே பரமபதம். அதற்கு முன் வேறெங்கும் காட்டப்படாத வண்டிதான் அதற்குத் தகுதி. எட்டு வண்டிகளைத் தேர்ந்து, எட்டில் ஒன்றுக்கு 10,000 டாலர் பரிசு தருகிறார்கள். அந்த வண்டியைச் செய்ய ஆன செலவில் அது சக்கரத்துக்குக் காணாது. மழையில் நனையாத, மண்ணில் இறங்காத, மூட்டை சுமக்காத அந்த வாகனங்களைப் பார்த்தபோது, வேலைத்திறனில் எனக்குப் பிரமிப்பு உண்டாயிற்றே தவிர, பொறாமை உண்டாகவில்லை. கம்பெனிக்காரன் செய்து கொடுத்ததே முடிந்த முடிவு என்று ஒப்பாத மனோபாவம் அவர்களுக்கும் தங்களுக்கும் பொதுதான். ஆனால் தாங்கள் நீட்டியது நாலு பேர் கூடுதலாக உட்கார. அவர்கள் குறைத்தது நாலு பேர் நின்று பார்க்க. என் அபிப்பிராயத்தில் பரிசு தங்களுக்கே உரியது.

ஆனால் பரிசை வாங்கத் தாங்கள் மேடை ஏறக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதே வருஷம் திருத்திய சட்டத்தில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறைவாசம், அல்லது இரண்டும். தங்கள் ஜீப்பில் உள்ள மாற்றங்களை எண்ணிப் பெருக்கினால், வண்டியை விற்றும் கட்டி மாளாது. இங்கேயும் சட்டம் சும்மா இருக்கவில்லை. கலிபோர்னியாவில் மெக்சிகோ வம்சத்துப் பிள்ளைகள் கார்களைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி ஓட்டியதைக் கண்டு, சக்கரத்தின் இரும்பு வளையத்துக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் இறங்கக்கூடாது என்று 1958இல் சட்டம் கொண்டுவந்தார்கள். மறுவருஷமே ரான் அகீரே என்பவர் விமானத்து ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தி, போலீஸைக் கண்டால் உயர்ந்து, போலீஸ் போனதும் தாழ்கிற காரைச் செய்துவிட்டார். அந்தச் சட்டத்தை 2024 பிறந்த அன்றுதான் எடுத்தார்கள். நம் ஆர்.டி.ஓ. ஆபீசில் அத்தனை காலம் காத்திருக்க முடியாது.

ஆகையால், தம் மோட்டார் சைக்கிளுக்கு ஊரே திரும்பிப் பார்க்கும்படி உறுமுகிற சைலன்சர் ஒன்று வாங்கி அனுப்பச் சொல்லி மாப்பிள்ளை விடுத்திருக்கும் விண்ணப்பத்தை நிராகரிக்கிறேன். நம் ஊர்க் கணவாயில் நிற்கும் போலீஸ்காரரும் திரும்பிப் பார்ப்பார் என்று அவரிடம் சொல்லவும். வேறு ஏதேனும் கேட்டால் அனுப்பித் தருகிறேன். வில்லிஸ் ஜீப்காரர் தம் கொட்டகையில் மாட்டிவைக்கத் தங்கள் வண்டியின் படம் பெரிதாக வேண்டும் என்று வற்புறுத்துகிறார். முழு லோடு ஏற்றிய பிறகு, பின்புறத்திலிருந்து, நம்பர் பிளேட் தெரியாதபடி ஒன்று எடுத்து அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்.