கோவை என்றால் பயமாம்

ஃபுனபாஷி, ஜப்பான்
ஜூலை முதல் வாரம்

அன்புள்ள அம்மிச்சிக்கு,

போன வாரம் போனில், "பிஸ்கோத்து மேல கோலம் போடச் சொல்லிக் குடுக்கறதுக்கு சப்பான் வரைக்கும் போகோணுமா கண்ணு?" என்று கேட்டீங்க. நியாயமான கேள்வி. பதில் போனில் அடங்காது என்பதால் எழுதுகிறேன். அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து வாசித்துக் காட்டுவாங்க. நடுநடுவே நிறுத்தி, "பாருங்க உங்க பேத்தி லட்சணத்தை" என்பாங்க. கண்டுக்காதீங்க.

இதற்காக நான் வரவில்லை. வேலை உங்க மாப்பிள்ளைக்கு. நான் வீட்டில் சும்மா இருக்கமாட்டாமல் பிஸ்கட் சுட்டு, ஐசிங் என்கிற சர்க்கரைக் குழம்பில் பூ வரைந்து பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்தேன். அங்கேதான் வினை தொடங்கியது. அந்த அக்காவுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். ஊரைக் கூட்டிவிட்டார்.

வகுப்பு நடக்கிற இடத்துக்கு 'கோமின்கான்' என்று பெயர். நகராட்சி நடத்துகிற பொதுக்கூடம். 1949-ல் வந்த ஒரு சட்டப்படி இங்கே லாபத்தை மட்டுமே குறியாக வைத்த காரியம் கூடாது. ஆகவே நான் வாங்குவது சாமான் செலவு மட்டும். "என்ன சம்பளம்?" என்று அடுத்த போனில் கேட்க வேண்டாம். சமையல் அறை கண்ணாடி மாதிரி இருக்கும். எந்த இழுப்பறையில் எத்தனை கரண்டி என்று எழுதி ஒட்டியிருக்கும், போகும்போது எண்ணி வைக்க வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே போடுகிற செருப்புக்கு மாற வேண்டும், கக்கூஸுக்குள் அதையும் கழற்றி அங்கே இருக்கிற செருப்பைப் போட வேண்டும். முதல் நாளே நான் கக்கூஸ் செருப்போடு வந்து பாடம் எடுத்தேன். எட்டுப் பேரில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ஒரு பாட்டி மட்டும் ஓசைப்படாமல் எழுந்து போய் என் செருப்பை எடுத்துவந்து, கால் நுழைக்கத் தோதாகத் திருப்பி, என் முன்னால் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்றைக்கு அறிமுகமும் நானேதான் செய்துகொண்டேன். வேண்டிய ஜப்பானிய வாக்கியங்களை ஒரு வாரம் உருப்போட்டிருந்தேன். பெயர் சொன்னேன். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, "நான் கோவையிலிருந்து வருகிறேன்" என்றேன். எட்டு முகமும் வெளிறிப்போச்சு. கோயமுத்தூர் என்பது நீளம், அவர்களுக்கு வாயில் நுழையாது என்று நானாக இரக்கப்பட்டுச் சுருக்கியதன் பலன் இது. இங்கே 'கொவாய்' என்றால் பயமாக இருக்கிறது என்று அர்த்தமாம். 'நான் பயத்திலிருந்து வருகிறேன்' என்று ஒருத்தி, அதுவும் கக்கூஸ் செருப்போடு, வந்து நின்றால் யார்தான் வெளிற மாட்டார்கள்?

இதோடு விட்டதா? இங்கே 'கவாயி' என்று ஒரு வார்த்தை உண்டு. அழகு, செல்லம், குட்டி எல்லாம் அதில் அடக்கம். நாய்க்குட்டிக்கும் கவாயி, பிஸ்கட்டுக்கும் கவாயி. ஒரு பாட்டி வரைந்த முயலைப் பார்த்து நானும் மனசாரப் பாராட்டினேன். வாயில் வந்தது என் சொந்த ஊர். பாட்டி முயலை மெதுவாகத் திருப்பிப் பார்த்து, "ஆமாம், கண் கொஞ்சம் பெரிசாகிவிட்டது" என்றாராம்.

சரி, இனி போனில் இருக்கிற மொழிபெயர்ப்பையே நம்புவோம் என்று முடிவெடுத்தேன். இந்த வேலையில் முதலில் கெட்டியான ஐசிங்கால் ஓரம் கட்டுவோம், வரப்பு மாதிரி. பிறகு நடுவில் இளக்கமானதை விட்டு நிரப்புவோம். இங்கிலீஷில் அதற்கு வெள்ளம் விடுவது என்று பேர். அன்றைக்கு வீடு மாதிரி வெட்டிய பிஸ்கட். "இப்போது வீட்டுக்குள் வெள்ளம் விடுங்கள்" என்று இங்கிலீஷில் போனிடம் சொன்னேன். அது கணீர் என்று ஜப்பானியத்தில் அறிவித்தது. புயலும் பூகம்பமும் பார்த்துப் பழகிய ஜனம். ஒரு அம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். இன்னொருவர், "எந்த ஆறு?" என்று கேட்டாராம்.

போனை மூடி வைத்துவிட்டுத் திரும்பவும் சொந்த வாய்க்கே வந்தேன். 'ஸுவத்தே குதசாய்' என்றால் தயவுசெய்து உட்காருங்கள். எல்லாரும் பூப்போட்டு முடித்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார்கள். ஐசிங் ஈரம் காய வேண்டும், அதுவரை உட்காரட்டும் என்று அன்பாகச் சொன்னேன். நான் சொன்னது 'ஸவத்தே'. ஒரு எழுத்துதான். அதற்கு அர்த்தம், தயவுசெய்து தொடுங்கள். இரண்டு மணி நேரம் மூச்சுப் பிடித்து வரைந்த பூக்கள், அம்மிச்சி! எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எட்டு ஆள்காட்டி விரல்கள் எழுந்து, ஈரப் பூவின் நட்ட நடுவில் இறங்கின. ஆசிரியர் சொன்னால் காரணம் இருக்கும் என்ற நம்பிக்கை. நம் ஊரில் எந்த வாத்தியாருக்காவது இப்படி ஒரு வகுப்பு வாய்த்திருக்குமா?

ஆமாம், என்னை 'சென்சே' என்றுதான் கூப்பிடுகிறார்கள். டாக்டரையும் வக்கீலையும்கூட அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அம்மா இந்த வரியை மட்டும் இரண்டு தடவை வாசிக்கட்டும்.

இன்னொரு தொல்லை 'ஹை'. அகராதியில் ஆமாம் என்று போட்டிருக்கிறது. நான் என்ன சொன்னாலும் எட்டுப் பேரும் தலையாட்டி "ஹை, ஹை" என்பார்கள். அடடா, கற்பூர புத்தி என்று பூரித்துப் போனேன். பார்த்தால் ஒருவர்கூட ஆரம்பிக்கவில்லை. அது புரிந்தது என்று சொல்வதல்ல, நீங்க கதை சொல்லும்போது நாங்கள் 'உம்' கொட்டுவோமே, அதுதான். நான் தமிழில் ராத்திரிக் கதை சொன்னாலும் ஹை வரும்.

இனிமேல்தான் விஷயம். 200 கிராம் சர்க்கரைப் பொடி, 5 கிராம் காய்ந்த முட்டை வெள்ளைக்கருப் பொடி, இரண்டு மேஜைக்கரண்டி தண்ணீர். ஐசிங் இவ்வளவுதான். மீதி எல்லாம் பதம். ஓரம் கட்ட வடை மாவு பதம், நிரப்பத் தோசை மாவு பதம். கரண்டியால் தூக்கி விட்டால் விழுந்த தடம் பத்து எண்ணுவதற்குள் மறைய வேண்டும். இதை மொழி தெரியாதவர்களுக்கு எப்படிச் சொல்வது? அதுவும் ஜூன், ஜூலையில் இங்கே மழைக்காலம். காற்றே ஈரம். காலையில் சரியாக இருந்த பதம் மத்தியானம் கெட்டுப்போகும், சிவப்பு வெள்ளைக்குள் இறங்கிவிடும்.

எங்கள் வகுப்பில் ஒரே ஒரு ஆண், எழுபதைத் தாண்டிய ஒரு மீசைத் தாத்தா. மற்றவர்கள் ஆளுக்கு ஆறு பிஸ்கட் முடிக்கிற நேரத்தில் இவர் ஒன்றே ஒன்று செய்வார், அதுவும் எப்போதும் ஃபுஜி மலைதான். போன வாரம் அவர் கிண்ணத்தில் தண்ணீர் கூடிப்போய், கெட்டியும் இல்லாமல் இளக்கமும் இல்லாமல் ஒரு மாதிரி நின்றது. எனக்கு வந்த பதற்றத்தில் உருப்போட்ட ஜப்பானியம் எல்லாம் பறந்துபோய்த் தமிழே கொட்டிவிட்டது. "அய்யோ, கொழகொழன்னு இருக்குதே! கொழகொழ!"

தாத்தா விருட்டென்று எழுந்தார். கையை உடம்போடு ஒட்டி வைத்து, இடுப்பு வரைக்கும் குனிந்து மன்னிப்புக் கேட்டார். அறையே கப்சிப்.

பக்கத்து வீட்டு அக்கா என்னை ஓரங்கட்டி விளக்கினார். இவர்களுக்கு ழகரம் கிடையாது. காதில் விழுந்தது 'கொராகொரா'. அதற்கு, 'டேய், டேய்!' என்று அதட்டுவதாக அர்த்தம். தோட்டத்தில் பேரிக்காய் திருடுகிற பையனைப் பார்த்துப் போடுகிற சத்தம். நான் போய்க் குனிந்தேன். அவர் பதிலுக்கு இன்னும் குனிந்தார். நான் அதைவிடக் குனிந்தேன். தரையில் முட்டிக்கொள்வதற்குள் அக்கா இருவரையும் நிமிர்த்திவிட்டார்.

அப்புறம் தாத்தா, அப்படியானால் அந்த வார்த்தைக்கு என்னதான் அர்த்தம் என்று கேட்டார். ஐசிங்கை விரலில் தொட்டுப் பிசைந்து காட்டினேன். முகம் மலர்ந்து, "ஆ! தொரோதொரோ!" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர்களிடமும் இருக்கிறது, அம்மிச்சி! பள்ளிக்கூடத்தில் இரட்டைக்கிளவி என்று படித்தோமே, அதேதான். பிசுபிசு என்றால் பெத்தாபெத்தா. பளபள என்றால் பிக்காபிக்கா. பிஸ்கட் மொறுமொறு என்றால் ஸாக்குஸாக்கு. நெஞ்சு திக்குதிக்கு என்றால் தொக்கிதொக்கி. அன்றைக்கு ஒருவரும் பிஸ்கட்டைத் தொடவில்லை. நான் ஒன்று சொல்ல, அவர்கள் ஒன்று சொல்ல, எட்டு வயசுப் பிள்ளைகள் மாதிரி கத்திக்கொண்டிருந்தோம்.

ராத்திரி உங்க மாப்பிள்ளையிடம் சொன்னேன். சுசுமு ஓனோ என்று ஒரு பேராசிரியர் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் சொந்தம் உண்டு என்று பல வருஷம் எழுதிவந்ததாகவும், மொழி ஆராய்ச்சிக்காரர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை என்றும் சொன்னார். நான் அந்த வழக்குக்குள் போகவில்லை. எனக்கு வேண்டியது பதம், கிடைத்துவிட்டது. இப்போது எங்கள் வகுப்பில் 'கொராகொரா' என்றால் அதட்டல் இல்லை, தண்ணீர் கூடிப்போன ஐசிங். தாத்தா நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்.

மீதியை வாயே திறக்காமல் சொல்லிக் கொடுத்தேன். கோன் பிடிப்பது எனக்குப் பழசு. சித்தி பெண்கள் கல்யாணத்துக்கெல்லாம் மருதாணிக் கோன் சுருட்டியவள் நான். கோடுதான் இவர்களுக்கு நடுங்கியது. முனையைப் பிஸ்கட்டில் அழுத்தி இழுத்தார்கள். அரிசி மாவை எடுத்து மேடையில் ஒரு ஐந்து புள்ளிக் கோலம் போட்டுக் காட்டினேன். நீங்க எனக்குச் சொன்னதுதான்: "மாவை வெக்காதே கண்ணு, உழுக விடு." கையை ஒரு விரற்கடை உயர்த்தி இழையை விழவிட்டதும் நடுக்கம் போச்சு. மீசைத் தாத்தா அன்றைக்குத்தான் முதல்முறையாக ஃபுஜி மலையை விட்டு இறங்கினார்.

அவர் போட்ட கோலப் பிஸ்கட் இதோடு பார்சலில் வருகிறது. சென்சேயின் சென்சே நீங்கதான் என்று தெரிந்துகொண்டு, உங்களுக்கே அனுப்பச் சொன்னார். தயவுசெய்து டீயில் முக்கிவிடாதீங்க, சாயம் இறங்கும். இடது பக்கம் ஒரு புள்ளியைக் கோடு சுற்றாமல் விட்டுவிட்டது. நீங்க பார்த்த உடனே கண்டுபிடிச்சிருவீங்க. அவரும் கண்டுபிடித்துவிட்டார், மூன்று நாளாகத் தூக்கமில்லையாம். உங்க வாயால் தீர்ப்பு வேண்டும் என்கிறார். இரண்டு வரி எழுதிப் போடுங்க, வகுப்பில் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். ஒன்றே ஒன்று, கடிதத்தின் மேலே கோயமுத்தூர் என்று முழுசாகவே எழுதுங்க.

உங்க அன்புப் பேத்தி