சோலூரில் சமதரை எங்கே?

"வண்டியைச் சமமான தரையில நிறுத்தித்தான் பார்த்தீங்களா சார்?"

கோவையில் உள்ள ஒரு கார் டீலரின் சர்வீஸ் அட்வைசர் போன வாரம் தொலைபேசியில் இப்படிக் கேட்டார். கேட்கப்பட்டவர் சோலூரில் குடியிருக்கும் இந்தக் கட்டுரையாளர். நீலகிரிக்காரரிடம் சமதரையைப் பற்றிக் கேட்பது எந்த ஊர்க் குசும்பு என்று முதலில் அவருக்குக் கோபம் வந்தது. அட்வைசர் குசும்பெல்லாம் செய்யவில்லை, திரையில் அடுத்து இருந்த கேள்வியை வாசித்தார் என்று புரிந்ததும் அது இரட்டிப்பானது. இதை எழுதும்போதும் தணியவில்லை.

நடந்தது இவ்வளவுதான். வருடாந்திர சர்வீஸ் முடிந்து வண்டி மலையேறி வீடு வந்தது. மறுநாள் காலை பானெட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கை உருவினால், என்ஜின் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி அரை விரற்கடை நிற்கிறது. "குறைஞ்சாத்தானே ஆபத்து, கூடினா நல்லதுதானே?" என்றார்கள் வீட்டில். நல்லதில்லை. அளவு மீறினால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் முங்கி மோர் கடைவதுபோல் கடைந்துவிடும். நுரை பொங்கும். பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். காற்றை நம்பி எந்த பேரிங்கும் ஓடாது. கொஞ்ச நாளில் சீல்கள் கசியவும் கூடும்.

தானாக மட்டம் ஏறும் வண்டிகளும் உண்டு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகான டீசல் கார்களில், புகை வடிகட்டியில் சேரும் கரியை எரிப்பதற்காக என்ஜின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடுகிற வண்டியில் அந்த வேலை பாதியில் நின்று, எரியாத டீசல் ஆயிலில் இறங்கிவிடும். அட்வைசர் அதையும் விடவில்லை. "டீசல் வண்டிங்களா சார்?" என்றார். பெட்ரோல் வண்டி. விற்றது அவர்கள். வாங்கிய நாள் முதல் சர்வீஸ் செய்வதும் அவர்களே.

சரி, சமதரைக்கு வருவோம். கையேட்டிலும் அப்படித்தான் இருக்கிறது: வண்டியைச் சமதளத்தில் நிறுத்து, என்ஜினை அணை, ஆயில் கீழே இறங்கச் சில நிமிடம் பொறு, டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் செருகி மறுபடி எடுத்துப் பார். கையேட்டை எழுதியவர் சோலூர்ப் பக்கம் வந்ததில்லை. இங்கே ஒருவர் வீட்டு மொட்டைமாடியும் இன்னொருவர் வீட்டு வாசலும் ஒரே உயரத்தில் இருக்கும். தேயிலை சரிவில் நிற்கும், கேரட் படிப்படியான வயலில் விளையும். காரை நிறுத்துகிறவர் ஹேண்ட்பிரேக் இழுத்து, கியரில் விட்டு, டயருக்குக் கல்லும் வைத்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் நகர்வார். ஸ்டெப்னி இல்லாமல் ஊட்டி போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள், டிக்கியில் கல் இல்லாமல் போகிறவர் இல்லை. ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், கிரிக்கெட் ஆடும் பையன்களைக் கேளுங்கள், எந்தப் பக்கம் அடித்தால் பந்து திரும்பி வராது என்று மனப்பாடமாகச் சொல்வார்கள்.

மாவட்டத்தில் சமதரையே இல்லை என்று சொன்னால் பொய். ஊட்டிக் குதிரைப் பந்தய மைதானம் இருக்கிறது, சுமார் 52 ஏக்கர். குத்தகை பாக்கிக்காக 2024 ஜூலையில் வருவாய்த் துறை அதைக் கையகப்படுத்திவிட்டது. ஒரு டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும், கேட்டைத் திறங்கள் என்று மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். தீட்டுக்கல்லில் ஹெலிபேட் இருக்கிறது, அதற்குப் பெரிய மனிதராக வேண்டும். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் அணிவகுப்பு மைதானம் இருக்கிறது, அதற்குள் காரை ஓட்டிப்போய் பானெட்டைத் திறந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மலை ரயில் பாதையைக் கேட்கவே வேண்டாம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிற இடங்கள் உண்டு. வெள்ளைக்காரனாலேயே பல்சக்கரம் போடாமல் 1899இல் குன்னூருக்கு ரயில் விட முடியவில்லை. ஊட்டியில் உத்தரவாதமான சமதளம் என்றால் ஜான் சல்லிவன் உண்டாக்கிய ஏரிதான். அது தண்ணீர்.

கொத்தனார் ஒருவரிடம் ரசமட்டம் இரவல் வாங்கினார் கட்டுரையாளர். தெருவில் வைத்தார், குமிழி ஒரு கோடிக்கு ஓடியது. கடைவீதியில் வைத்தார், மறுகோடிக்கு ஓடியது. "என்னங்கண்ணா, ரோடு போடப் போறாங்களா?" என்று இரண்டு பேர் ஆவலாக விசாரித்தார்கள். இல்லை என்றதும் அவர்கள் முகம் வாடியதைப் பார்க்க அவருக்கே கஷ்டமாக இருந்தது. கடைசியில் ஊட்டி போகிற வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கின் சிமென்ட் தரையில் குமிழி நடுவில் நின்றது. பின்னால் ஒரு கேரட் பிக்கப் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்க, ஐந்து நிமிடம் பொறுத்து, துடைத்து, செருகி, எடுத்துப் பார்த்தார். ஆயில் அதே அரை விரற்கடை மேலே.

படம் எடுத்து அனுப்பினார். "வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க சார், செக் பண்ணிடலாம்" என்று பதில் வந்தது. சோலூரிலிருந்து ஊட்டி, குன்னூர், மேட்டுப்பாளையம் வழியாகக் கோவை போய்வர 200 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஆயில் கூடிய வண்டியை ஓட்டக் கூடாது என்பதை நிரூபிக்க அதை அவ்வளவு தூரம் ஓட்டிப் போக வேண்டும்.

அந்தக் கூடுதல் ஆயில் எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை தொடங்கியது. அதற்கு முன் பில்லை ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

ஏசி டிஸ்இன்ஃபெக்‌ஷன் என்று ஒரு வரி இருக்கிறது. டிசம்பரிலும் ஜனவரியிலும் தலைக்குந்தா புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். காலையில் கண்ணாடிமேல் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும் என்று ஒருவருக்கொருவர் புத்தி சொல்லிக்கொள்கிற ஊர் இது. மழைநாளில் உள்கண்ணாடிப் புகைமூட்டத்தைப் போக்க ஏசி உதவும், அந்த நியாயத்தை மறுக்கவில்லை. மற்றபடி அந்தப் பொத்தானை அழுத்துகிறவர் சமவெளி உறவினராகத்தான் இருப்பார். அடுத்த வரி, எலி விரட்டும் ஸ்ப்ரே. அடுத்தது த்ராட்டில் பாடி க்ளீனிங். அதற்கும் கீழே 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்று ஒரு தொகை, விளக்கம் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேல் ஜிஎஸ்டி. ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும்போது இவையெல்லாம் பொடி எழுத்தில் இருந்திருக்கும். எல்லாரும் போடுகிற மாதிரிதான் அவரும் போட்டார், பேனாவை நீட்டினார்களே!

ஆயில் வரியில் 'ஃபுல்லி சிந்தெடிக்' என்று இருக்கிறது. "உங்க ஊர்க் குளிருக்கு இதுதான் சார் செட் ஆகும்" என்று சொல்லி விற்றது. நல்ல ஆயில்தான், சந்தேகமில்லை. ஆனால் சொன்ன காரணம் அபத்தம். 5டபிள்யூ என்று போட்ட ஆயில் மைனஸ் 30 டிகிரியிலும் என்ஜினைச் சுற்றவிடுகிறதா என்று சோதிக்கப்பட்டது. 15டபிள்யூவுக்கே மைனஸ் 20 டிகிரி கணக்கு. ஊட்டியில் பூஜ்யத்தைத் தொட்டால் மறுநாள் பேப்பரில் படத்தோடு செய்தி வரும். குளிர் ஊர் ஆயிலுக்குத் தரும் உண்மையான தொல்லை வேறு. பால் வாங்க, பேங்க் போக என்று இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியில் என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் தங்கிவிடும். ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் வெளிர்மஞ்சளாக ஒரு பசை படிந்திருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். இப்படி ஓடும் வண்டிக்குச் சீக்கிரமே ஆயில் மாற்றச் சொல்லிப் பல கையேடுகளில் தனிப் பட்டியலே உண்டு. 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்ற கணக்கில் மலையில் கிலோமீட்டர் ஒருபோதும் முந்துவதில்லை. இதை எந்த அட்வைசராவது வாய் திறந்து சொன்னால் கட்டுரையாளர் ஏசி க்ளீனிங்குக்கு மறுபேச்சில்லாமல் பணம் கட்டத் தயார்.

சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் டீலர் கடையில் ஆயில் மாற்றுவது மதிப்பில்லாத வேலை. அட்வைசருக்கு மாத இலக்கு ஸ்ப்ரேயிலும் கோட்டிங்கிலும் இருக்கிறது. ஆயில் வேலை, சேர்ந்து சில மாதமே ஆன பையனிடம் போகும். அவனுக்குப் பின்னால் இன்னும் பத்து வண்டி காத்து நிற்கும். அந்தக் கூடுதல் ஆயில் வந்தது இப்படித்தான் இருக்கும். அவசரத்தில் ட்ரெயின் போல்ட்டை ஏர் கன்னால் முறுக்கினால் அலுமினிய சம்ப்பின் மரை போய்விடும். அடுத்த சர்வீஸில் போல்ட் வழுக்கும்போது "பழைய வண்டி சார், மரை தேஞ்சிருக்கு" என்பார்கள். ஒரு சின்ன வாஷரை மாற்றாமல் விட்டால் வீட்டு வாசலில் சொட்டும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புது வளையமும் உட்கார்ந்தால் இரண்டுக்கும் நடுவே ஆயில் பீறிட்டுக் காலியாகும். உலகம் முழுக்க மெக்கானிக்குகள் அறிந்த விபத்து இது. தடுக்க ஒரு விரலும் ஒரு துணியும் போதும். பையன்மேல் குற்றமில்லை. ஒழுங்காகச் செய்தான் என்று அவனை யாரும் பாராட்டப் போவதில்லை, ஸ்ப்ரே விற்றவரைத்தான் பாராட்டுவார்கள்.

அப்படியிருந்தும் நாம் எல்லாரும் அங்கேதான் போகிறோம். வெளியில் கொடுத்தால் வாரண்டி போய்விடும் என்று பயம். இந்தப் பயத்தை இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டிலேயே விசாரித்திருக்கிறது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிக் கடைகளுக்குத் தராமல் சந்தையை அடைத்து வைத்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்கிடம் போன ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது, அவர் செய்த வேலையால் கெட்டுப்போன பாகத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் சொன்னது. பிறகு மேல்முறையீடு, தடை, தீர்ப்பாயம் என்று வழக்கு இழுத்தது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இப்படி ஒரு பாதுகாப்பு இருக்கிறது. நம் டீலர் கவுன்ட்டரில் மட்டும் இந்தச் செய்தி எதுவும் வந்து சேரவில்லை.

அடுத்து, பத்துக்குப் பத்து. "கம்பெனியிலிருந்து போன் வரும் சார், பத்துன்னு சொல்லிடுங்க, ஒன்பது சொன்னாக்கூட எனக்குப் பிரச்சினை" என்று சாவியைத் தரும்போதே கும்பிடுவார்கள். போன் வந்தது. கட்டுரையாளர் "மூணு" என்றார். பத்து நிமிடத்தில் அட்வைசர், சூப்பர்வைசர், மேனேஜர் என்று வரிசையாக அழைப்பு. டிப்ஸ்டிக் படத்தை ஒருவரும் பார்த்திருக்கவில்லை, மூன்று மார்க்கை மூவரும் பார்த்திருந்தார்கள்.

கூடுதல் ஆயிலை ஊட்டியில் ஒரு சின்ன மெக்கானிக் ட்ரெயின் போல்ட்டைத் தளர்த்திக் கொஞ்சம் வடித்துச் சரிசெய்தார். அவர் கடையும் சரிவில்தான். முன் டயருக்குக் கீழே பலகை கொடுத்து வண்டியை மட்டப்படுத்திக்கொண்டார்.

நீங்களும் இந்த மாதம் சர்வீஸுக்குப் போகிறவர் என்றால் ஜாப் கார்டை முழுசாக வாசித்துவிட்டுப் பேனாவை வாங்குங்கள். பழைய ஃபில்டரையும் ஆயில் காலி டப்பாவையும் டிக்கியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். புறப்படும் முன் அவர்கள் கடைத் தரையிலேயே, அவர்கள் கண்முன்னாலேயே டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். தகராறு முற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது.