ஒரு பக்கம், இரு பக்கம், நம்ம பக்கம்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊரான கலவையில் பாலஸ்தீனம் பற்றி இரண்டு கருத்து இருந்ததில்லை. இருந்த ஒன்றும் எங்களுடையதல்ல, ஆகாசவாணி டெல்லியிலிருந்து அனுப்பியது. 1907இல் சந்திரசேகரேந்திர சரஸ்வதி துறவு ஏற்ற ஊர் என்பதற்கு மேல் எங்களுக்கு உலகப் பெருமை ஏதும் கிடையாது. எனவே உலக விவகாரங்களில் அரசாங்கம் சொன்னதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டோம். 1974இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அங்கீகரித்த, அரபு அல்லாத முதல் நாடு இந்தியா. இஸ்ரேலையோ 1950லேயே அங்கீகரித்துவிட்டு, பம்பாயில் ஒரு துணைத் தூதரகத்தோடு நிறுத்திக்கொண்டது. நிச்சயதார்த்தம் முடிந்து 42 வருடம் கழித்து, 1992இல்தான் கல்யாணம் நடந்தது. அதுவரை வானொலிச் செய்தி ஒருதலைப்பட்சமாகத்தான் இருந்தது. எல்லோரும் அதே தலையோடு இருந்ததால் யாருக்கும் அது தெரியவில்லை.

பிரபலங்களுக்கும் அப்போது நிம்மதியான காலம். பெய்ரூட்டில் இஸ்ரேல் குண்டு போட்டபோது எம்.ஜி.ஆர். ஏன் வாய் திறக்கவில்லை என்று டீக்கடையில் ஒருவரும் கேட்கவில்லை. பாலஸ்தீனத்துக்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே நட்சத்திரம் கட்டம் போட்ட துண்டு கட்டிய அராபத்தான். 1983 டெல்லி அணிசேரா மாநாட்டில் ஜோர்டானுக்குப் பிறகு தன்னைப் பேச வைத்தார்கள் என்று அவர் கோபித்துக்கொண்டு கிளம்பப் பார்த்தாராம். இந்திரா உன் அக்கா மாதிரிதானே, தம்பியாக லட்சணமாக இரு என்று காஸ்ட்ரோ அடக்கினார் என மாநாட்டுப் பொறுப்பிலிருந்த நட்வர் சிங் பிற்பாடு சொல்லியிருக்கிறார். வெளியுறவுக் கொள்கையே குடும்ப விவகாரமாக இருந்த காலத்தில் நடிகர்களுக்கு அங்கே என்ன வேலை?

அரசாங்கம் சொல்லாததைத் தெரிந்துகொள்ள லண்டன் இருந்தது. இலங்கையில் நடந்த 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இரவானால் பிபிசி தமிழோசை கேட்காத திண்ணை குறைவு. "பிபிசிக்காரனே சொல்லிட்டான்" என்றால் அத்தோடு வழக்கு முடிந்தது.

இப்போது அந்த பிபிசியே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது, இரண்டு வழக்குகளில். 2025 பிப்ரவரியில் காசா சிறுவர்கள் பற்றிய ஆவணப்படத்தை அது விலக்கிக்கொண்டது. கதை சொன்ன பையனின் அப்பா ஹமாஸ் அரசில் வேளாண் துணை அமைச்சர் என்று தெரியவந்ததுதான் காரணம். அதே ஆண்டு காசா மருத்துவர்கள் பற்றிய இன்னொரு படத்தை, தானே எடுக்கச் சொல்லிவிட்டு, ஒளிபரப்பாமல் கைவிட்டது. சேனல் 4 வாங்கிப் போட்டது. முதல் படத்தை ஒரு தரப்பும் இரண்டாவதை மறு தரப்பும் இன்றுவரை சாட்சியாகக் காட்டுகின்றன. வெளிநாட்டு நிருபர்களைக் காசாவுக்குள் சுதந்திரமாக நுழைய இஸ்ரேல் விடவில்லை என்பதில் மட்டும் யாருக்கும் அத்தனை ஆர்வமில்லை. பார்க்காமலே தீர்ப்புச் சொல்லும் வசதி அதனால்தானே கிடைத்தது.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடிகர்களுக்கு வருகைப் பதிவேடு இருக்கிறது. யார் பேசினார், யார் பேசவில்லை, யார் போட்டுவிட்டு நீக்கினார் என்று மூன்று பத்தி. 2024 மே மாதம் 'எல்லோர் கண்களும் ரஃபா மீது' என்ற படம் கோடிக்கணக்கில் பகிரப்பட்டது. செயற்கை நுண்ணறிவு வரைந்த படம். வரிசை பிசகாத கூடாரங்கள், ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஒரு முகம் இல்லை. உயிரைப் பணயம் வைத்து காசாவிலேயே எடுத்த படங்கள் அந்த அளவு ஓடவில்லை. அந்தச் சுத்தமான படத்தைப் போட்ட இந்திய நட்சத்திரங்களில் சிலர் வசவு தாங்காமல் நீக்கினார்கள். நீக்கியதற்கும் வசவு விழுந்தது.

2025 செப்டம்பரில் சென்னைப் போராட்டத்தில் சத்யராஜும் பிரகாஷ் ராஜும் வெற்றிமாறனும் காசாவுக்காகக் குரல் கொடுத்தார்கள். என் அக்கா மகன் உடனே கேட்டான்: "ஈழத்துக்கு இவங்க எங்க போனாங்க மாமா?" சத்யராஜ் ஈழத்துக்கும் மேடை ஏறியவர் என்றேன். "அப்போ மத்தவங்க?" என்றான். மற்றவர்கள் பேசினால் வேறு கேள்வி வைத்திருப்பான் என்று தெரியும்.

ஈழத்துக்குப் பேசிய நட்சத்திரத்துக்கு என்ன நடந்தது என்பதும் நினைவிருக்கிறது. 2009இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வன்னிச் சாவுகளைப் பற்றிப் பேசியவர் பாடகி மாயா அருட்பிரகாசம். அடுத்த ஆண்டு நியூயார்க் டைம்ஸ் வார இதழ் அவரைப் பற்றி எழுதிய கட்டுரையில், ஊர் நினைவில் நின்றது அவர் கொறித்த விலையுயர்ந்த உருளைக்கிழங்கு வறுவல். அதைத் தருவிக்கச் சொன்னதே நிருபர்தான் என்று அவர் ஒலிப்பதிவை வெளியிட்டார். பிணக்கணக்கில் தொடங்கிய பேச்சு, வறுவல் யார் சொன்னது என்பதில் வந்து நின்றது.

எங்கள் பக்கத்துக்கு நெருக்கமான கதை காலணி சம்பந்தப்பட்டது. கலவைச் சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்கள் விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறி ராணிப்பேட்டைக்கு ஷூ தைக்கப் போகிறார்கள். 2023 டிசம்பரில் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் உஸ்மான் கவாஜா, எல்லா உயிரும் சமம் என்று ஷூவில் எழுதிக்கொண்டு பெர்த் மைதானத்தில் இறங்க நினைத்தார். அரசியல் கூடாது என்றது சர்வதேச கிரிக்கெட் கவுன்சில். கறுப்புப் பட்டை கட்டினார், அதற்கும் கண்டனம். "எந்த உயிருன்னே எழுதலையே, அதுல என்ன அரசியல்?" என்று ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். எல்லா உயிரும் என்பதுதான் அரசியல் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இத்தனை விவாதத்திலும் எந்தத் தொலைக்காட்சியும் எங்கள் ஊர்த் தோல் வியாபாரி பாயைக் கேட்கவில்லை. ஆட்டுத்தோல் வாங்கி விஷாரம் மண்டிக்குப் போட்டவர் அவருடைய அப்பா. 1967 அரபு-இஸ்ரேல் போரில் சூயஸ் கால்வாய் மூடப்பட்டு 1975 வரை திறக்காதபோது, வட ஆற்காட்டுத் தோல் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் லண்டன் போனது. 2023 நவம்பரில் ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் பாயுடைய சரக்கும் அதே சுற்று. "அத்தாவுக்கு நாசர், எனக்கு ஹூதி, வாடகை மட்டும் நம்ம தலையில" என்கிறார். ஹெல்மெட் மாட்டிய நிருபர்களை டெல்அவிவுக்கு அனுப்பிய சானல்களுக்கு ஆம்பூரும் ராணிப்பேட்டையும் கண்ணில் படவில்லை. இந்தப் பாரபட்சத்துக்காக அவர்களை ஒருவரும் திட்டியதில்லை.

2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலில் கொல்லப்பட்டவர்கள் சுமார் 1,200 பேர். அதன்பின் இரண்டு ஆண்டுகளில் காசாவில் இறந்தவர்கள், அங்குள்ள சுகாதார அமைச்சகக் கணக்கில், 60,000க்கும் மேல். இந்த இரண்டு எண்களையும் ஒரே செய்தியாகக் குழுவில் போட்டேன். முதல் எண்ணைப் பார்த்து ஒருவர் வெளியேறினார், இரண்டாவதைப் பார்த்து இன்னொருவர். 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் வந்தபோது இருவரையும் திரும்பச் சேர்த்தோம். போர்நிறுத்தச் செய்தியை வெளியிட்ட பத்திரிகை விலைபோய்விட்டது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.