போகப் போகச் சரியாகிவிடுமா?

(இந்த வாரம், வளர்ச்சியில் தாமதம் காட்டும் சின்னக் குழந்தைகள் பற்றிய கேள்விகள் மட்டும்.)

பாட்டி ஒருவர், கும்பகோணம்
கேள்வி: பேரனுக்கு 2 வயது. இன்னும் பேச்சு வரவில்லை. அவன் அப்பனும் நாலு வயதில்தான் வாய் திறந்தான். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்தானே?

பதில்: மகன் லேட்டாகப் பேசினான் என்பதற்கு நீங்களே சாட்சி. பேரனுக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்பதற்கு யார் சாட்சி? கதவைப் படாரென்று சாத்தினால் திரும்புகிறானே என்பீர்கள். அரைகுறையாகக் கேட்கிற குழந்தையும் திரும்பும். தரையின் அதிர்வை வைத்தே திரும்புகிற குழந்தையும் உண்டு. பேச்சு தாமதம் என்றாலே முதல் வேலை காது பரிசோதனைதான். ஓ.ஏ.இ., பெரா என்று இரண்டு சோதனைகள். வலி கிடையாது, தூங்கும்போதே எடுத்துவிடுவார்கள். காது சரியாக இருந்தால் உங்களுக்கு நஷ்டம் ஒரு காலைப்பொழுது. சரியில்லை என்று தெரிந்தால் லாபம் பல வருஷம்.

புது அப்பா, ஓசூர்
கேள்வி: எந்த வயதுக்குள் எது வராவிட்டால் பயப்பட வேண்டும்?

பதில்: பயப்பட வயதுக் கணக்கே வேண்டாம், அதை எல்லா அப்பாக்களும் முதல் நாளே தொடங்கிவிடுகிறார்கள். டாக்டரிடம் காட்டத்தான் கணக்கு வேண்டும். 3 மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. 5 மாதத்தில் தலை நிற்கவில்லை. 9 மாதத்தில் தானாக உட்காரவில்லை. 1 வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. ஒன்றரை வயதில் நடக்கவில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை. 2 வயதில் ‘அம்மா வா’, ‘பால் தா’ என்று இரண்டு சொல் சேரவில்லை. இதில் ஒன்று இருந்தாலும் காட்டிவிடுங்கள். குறைமாதக் குழந்தையென்றால் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், டாக்டர் குறித்துக் கொடுத்திருந்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணுங்கள். வந்த பேச்சோ நடையோ நின்றுபோனால், எந்த வயதானாலும் அன்றைக்கே கிளம்புங்கள்.

பெற்றோர், அரியலூர்
கேள்வி: எங்கே காட்டுவது? பேசாமல் சென்னைக்கே குடிபோய்விடலாமா?

பதில்: வீடு காலி செய்வதற்கு முன் மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போய் ‘டி.இ.ஐ.சி. எங்கே?’ என்று கேளுங்கள். ‘மாவட்ட இடையீட்டு சேவை மையம்’ என்று போர்டு இருக்கும். மத்திய அரசு 2013-இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தில் வந்தவை இந்த மையங்கள். குழந்தை டாக்டர், பிசியோ, பேச்சுப் பயிற்சி, உளவியல், சிறப்பாசிரியர் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ், இலவசமாக என்பது ஏற்பாடு. அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை வரும் மருத்துவக் குழு எழுதிக் கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள் என்றில்லை, நேராகவே போகலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால், பக்கத்தில் இருக்கும் ஆரம்பநிலைப் பயிற்சி மையத்தைச் சொல்வார்கள். வாரம் இரண்டு தரம் போக முடிகிற அரியலூர், மாதம் ஒரு தரம் போகிற சென்னையைவிடப் பெரிய ஊர்.

வாசகி, திண்டுக்கல்
கேள்வி: ‘வளர்ச்சி தாமதமாக இருக்கிறது, என்ன கோளாறு என்று இப்போது சொல்ல முடியாது’ என்கிறார் டாக்டர். பெயரே தெரியாமல் எதற்குப் பயிற்சி கொடுப்பது?

பதில்: பெயர் வைக்கும் வரை குழந்தைக்குப் பால் கொடுக்காமலா இருந்தீர்கள்? சின்ன வயதில் பல குழந்தைகளுக்குக் கோளாறின் பெயர் உடனே உறுதியாவதில்லை. பிசியோ பார்ப்பது வேறு: கழுத்து எவ்வளவு நேரம் நிற்கிறது, இடது கை ஏன் மடங்கியே இருக்கிறது, குப்புறப் போட்டால் தலை தூக்குகிறாளா? இதற்கெல்லாம் இன்றைக்கே வேலை தொடங்கலாம். அதற்காக டாக்டர் எழுதிய சோதனைகளை ஒத்திப்போடாதீர்கள். தைராய்டு குறைவு, வலிப்பு மாதிரி மருந்தால் கட்டுப்படுத்தக் கூடிய காரணம் உள்ளே ஒளிந்திருக்கலாம்.

தம்பதி, திருவண்ணாமலை
கேள்வி: ‘உங்கள் குறிக்கோள் என்ன?’ என்று தெரபிஸ்ட் கேட்டார். ‘மகள் நடக்க வேண்டும், பேச வேண்டும்’ என்றோம். சிரித்துவிட்டார். என்ன தப்பு?

பதில்: நீங்கள் சொன்னது அண்ணாமலையாரிடம் சொல்ல வேண்டியது. தெரபிஸ்டுக்கு ஒரு தாள் வேண்டும். மேலே தேதி போடுங்கள். முதலில், இன்று அவளால் முடிவது: ‘சுவரில் சாய்த்தால் 5 நிமிடம் உட்காருகிறாள். தாகம் எடுத்தால் அழுகிறாள்.’ அடுத்து, 3 மாதத்தில் வேண்டியது: ‘சாயாமல் உட்கார்ந்து இரண்டு கையாலும் விளையாட வேண்டும். தாகம் எடுத்தால் டம்ளரைக் காட்ட வேண்டும்.’ கடைசியாக, அதை வீட்டில் யார், எப்போது பழக்குவது: ‘காலை டிபன் நேரம், பாட்டி. சாயங்காலம், அப்பா.’ மூன்று குறிக்கோளுக்கு மேல் எழுதாதீர்கள். தெரபிஸ்டிடம் காட்டி ‘இது நடக்குமா?’ என்று கேளுங்கள். அதிகம் என்றால் அவரையே குறைத்து எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து அதே தாளோடு போய் உட்காருங்கள். எதுவும் நகரவில்லையா? மகளைத் திட்டாதீர்கள்; தாளைத் திருத்துங்கள்.

ஐ.டி. ஊழியர், கோவை
கேள்வி: மகனுக்கு வாரம் 2 நாள், தலா 45 நிமிடம் பேச்சுப் பயிற்சி. போதுமா? இன்னும் இரண்டு சென்டரில் சேர்த்துவிடட்டுமா?

பதில்: வாரத்துக்கு 168 மணி நேரம். தெரபிஸ்டுக்குக் கிடைப்பது ஒன்றரை. மிச்சம் உங்கள் வீட்டில்தான் கிடக்கிறது. முழுத் தோசையைத் தட்டில் வைத்து, மொபைலில் கார்ட்டூனையும் ஓடவிட்டால் அவன் எதற்குப் பேச வேண்டும்? ஒரு துண்டு மட்டும் வையுங்கள். தின்று முடிப்பான். அடுத்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பாருங்கள். வாயைத் திறக்காமல் மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். உங்களை நிமிர்ந்து பார்த்தாலோ, கை நீட்டினாலோ, ‘தோ’ என்றாலோ, ‘தோசையா? இந்தா தோசை’ என்று உடனே கொடுத்துவிடுங்கள். ‘முழுசாச் சொன்னாத்தான் தருவேன்’ என்று அடம் பிடிக்காதீர்கள். பசி நேரத்தில் பரீட்சை கூடாது. ஒரே தோசையில் இப்படிப் பல முறை செய்யலாம். சில குழந்தைகளுக்குக் கூடுதல் நேரம் தேவைப்படும். அதைத் தெரபிஸ்ட் சொல்லட்டும். மற்றபடி மூன்றாவது சென்டருக்கு ஆட்டோவில் கழிகிற நேரம், அவன் விளையாட வேண்டிய நேரம்.

அம்மா, விருதுநகர்
கேள்வி: ஒன்றரை வயது மகனுக்கு சி.பி. (மூளை முடக்குவாதம்) என்று சொல்லிவிட்டார்கள். மடியில் படுக்கப் போட்டுத்தான் சாதம் ஊட்டுகிறேன். வாய்க்கு வாய் புரையேறுகிறது.

பதில்: படுத்துக்கொண்டு தண்ணீர் குடித்தால் நமக்கே புரையேறும். அவனை நிமிர்த்தி உட்கார வையுங்கள். முதுகுக்கு நல்ல சாய்மானம், பாதம் எதன் மேலாவது ஊன்றியிருக்க வேண்டும், தலை பின்னால் மல்லாந்துவிடாமல் ஒரு துளி முன்னால். இதற்கென்றே முக்கோண முதுகு வைத்த கார்னர் சேர் உண்டு, பயிற்சி மையத்தில் கேளுங்கள். நீங்கள் எதிரே, அவனைவிடத் தாழ்வாக உட்கார்ந்து கரண்டியைக் கீழிருந்து கொண்டுவாருங்கள். மேலிருந்து வந்தால் அண்ணாந்துவிடுவான், மறுபடி புரையேறும். நன்றாகக் குழைத்த சாதம், சின்னக் கரண்டி, விழுங்கிவிட்டான் என்று தெரிந்த பிறகே அடுத்த வாய். அப்படியும் புரையேறினாலோ, அடிக்கடி நெஞ்சுச் சளி கட்டினாலோ, எடை ஏறாவிட்டாலோ டாக்டரிடமும் பேச்சுப் பயிற்சியாளரிடமும் சொல்லுங்கள். பேசக் கற்றுத் தருகிறவர்தான் விழுங்கவும் கற்றுத் தருவார்.

வாசகர், மன்னார்குடி
கேள்வி: நாக்கில் வசம்பையும் தேனையும் குழைத்துத் தடவினால் பேச்சு வருமாமே?

பதில்: எறும்பு வரும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேனே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விஷம் தசைகளைத் தளர வைத்துவிடும்.

பெயர் வேண்டாம், ஈரோடு
கேள்வி: ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஏற்றினால் குணமாகிவிடும் என்று லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். நகையை வைக்கலாமா?

பதில்: நகையைப் பீரோவிலேயே வையுங்கள். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி ஸ்டெம் செல்லுக்கு அங்கீகாரம் இருப்பது சில ரத்த நோய்கள் போன்ற குறிப்பிட்ட கோளாறுகளுக்குத்தான். மற்றதெல்லாம் ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றால், அதில் சேருகிறவரிடம் காசு வாங்கக் கூடாது. ஒரு சின்ன சோதனை: ‘எத்தனை மாதத்தில் குணமாகும்?’ என்று கேளுங்கள். டக்கென்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்பா, நாகர்கோவில்
கேள்வி: இந்த வயதிலேயே மாற்றுத்திறனாளி அட்டை எடுத்தால் மகளுக்கு முத்திரை குத்தியது போல ஆகிவிடாதா?

பதில்: அட்டை பீரோவில் இருக்கும், நெற்றியில் ஒட்டச் சொல்ல மாட்டார்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களை ஏற்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் என்பது கணக்கு. அட்டை இருந்தால், சாதாரண டவுன் பஸ்ஸில் அவளுக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் இல்லை. அறிவுசார் குறைபாடு, கடும் பாதிப்பு போன்ற பிரிவுகளுக்குத் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். ஆட்டிசம், சி.பி., அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ‘நிராமயா’ காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு; தெரபி செலவுக்கும் அதில் ஒரு பங்கு. வளர வளர மறுமதிப்பீடும் உண்டு. ஒன்று மட்டும்: அட்டை வந்த பிறகு பயிற்சி என்று இருக்காதீர்கள். அட்டை எந்த வயதிலும் கிடைக்கும். மூன்று வயது ஒரு தடவைதான் வரும்.

வாசகி, கடலூர்
கேள்வி: காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷன் முடிந்ததும் பிள்ளை பேசிவிடுவானா?

பதில்: கேட்கத் தொடங்குவான். பிறந்ததிலிருந்து சத்தமே அறியாத மூளைக்கு அது வெறும் இரைச்சல். மிக்சி எது, அம்மா குரல் எது என்று பிரித்தறியவே பயிற்சி வேண்டும். பேச்சு அதற்கும் பிறகு. 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் செய்கிறார்கள். ஆறு வரை நேரம் இருக்கிறது என்று அர்த்தம் செய்துகொள்ளாதீர்கள். எவ்வளவு சின்ன வயதோ அவ்வளவு பலன். ஆபரேஷன் தேதி கேட்கும்போதே பயிற்சி எங்கே, யார் அழைத்துப் போவது என்பதையும் முடிவு செய்துவிடுங்கள்.

விவசாயி, சங்கரன்கோவில்
கேள்வி: டவுனுக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. எங்களைப் போன்றவர்களுக்கு என்ன வழி?

பதில்: தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்புகிறார்கள். அவர்கள் பதிவு செய்வதை ஆப் வழியே நிபுணர்கள் பார்த்து வழிகாட்டுகிறார்கள். வேறு மாவட்டத்தாருக்கு, வட்டார வள மையம். அங்கே சிறப்பாசிரியரும் பிசியோவும் உண்டு. வர முடியாத குழந்தைகளின் வீட்டுக்கே போகிறார்கள். ‘எப்போது வருவீர்கள்?’ என்று மாதாமாதம் கேளுங்கள். கேட்கிறவர் வீட்டுக்குத்தான் முதலில் வண்டி வரும்.

கணவர், சேலம்
கேள்வி: நான் சம்பாதிக்கிறேன், மனைவி தெரபிக்கு அழைத்துப் போகிறாள். சரியான பங்கீடுதானே?

பதில்: கேள்வியையும் அவரிடமே எழுதச் சொல்லியிருந்தால் பங்கீடு பூர்த்தியாகியிருக்கும். மாதத்தில் ஒரு நாள் லீவு போட்டுத் தெரபி அறைக்குள் நீங்கள் போய் உட்காருங்கள். தினமும் ஒரு வேலை, குளிப்பாட்டுவதோ கதை சொல்வதோ, முழுக்க உங்களுடையதாக இருக்கட்டும். வாரத்தில் ஒரு மாலை மனைவிக்கு விடுமுறை. அவர் எங்கே போகிறார் என்று கேட்கக் கூடாது.

அம்மா, வேலூர்
கேள்வி: ‘இன்னுமா பேசலை? இன்னுமா பேசலை?’ என்று பக்கத்து வீட்டு அக்கா தினமும் கேட்கிறார். என்ன சொல்லி வாயை அடைப்பது?

பதில்: அடைக்காதீர்கள். அவ்வளவு பேசுகிற ஆள் தெரபிஸ்டுகளுக்கே கிடைப்பதில்லை. ‘அக்கா, தினம் சாயங்காலம் அரைமணி நேரம் இவனோடு உட்கார்ந்து பேசுங்களேன்’ என்று கேளுங்கள். வந்தால் பையனுக்கு லாபம். வராவிட்டால் உங்களுக்கு.