வழக்கே இல்லாத நாடு

ஓலைத்தொடுவாயில் மருமகன் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறான். "மாமா, கூகுளில மன்னார் எண்டு அடிச்சா நான்தான் முதல் வரவேணும்" என்று போனை நீட்டினான். வாசித்தேன். பள்ளிமுனைப் பெருக்கமரம் அவன் வாசலில் நிற்கிறதாம். மொட்டை மாடியில் ஏறினால் ராமர் பாலமாம். முற்றத்தில் உண்மையாக நின்றது ஒரு கழுதை. அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"உன்னை மிஞ்சின ஆள் ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தியே வந்திட்டார், மருமோன்."

ரோமில் கிளாடியஸ் ஆண்ட காலம். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளோகாமஸின் ஆள் ஒருவன், அரேபியாப் பக்கம் காற்றில் அள்ளுண்டு, 15ஆம் நாள் ஹிப்புரோஸ் துறையில் வந்து ஒதுங்கினான். கிரேக்கத்தில் ஹிப்போஸ் என்றால் குதிரை. அதனால் அது நம் குதிரைமலைதான் என்பார்கள். ஆறு மாதம் அரச விருந்து. அவன் மடியிலிருந்த காசுகளில் முகங்கள் வேறு வேறு, எடை மட்டும் ஒன்று. இவ்வளவு நேர்மையா என்று அரசன் அசந்துபோய், ராக்கியா என்பவர் தலைமையில் நால்வரை ரோமுக்கு அனுப்பினான்.

நேர்மையை மெச்சிப் போனவர்கள் அங்கே அவிழ்த்துவிட்டதைக் கேளுங்கள். எங்கள் ஊரில் நூறு வயது சாதாரணம். தானிய விலை ஏறவே ஏறாது. விடிந்த பிறகு எவனும் தூங்கமாட்டான், பகலிலும் கண்ணயரமாட்டான். நீதிமன்றம் இல்லை, வழக்கே இல்லை. வேலி வழக்கு இல்லாத இலங்கை! ரோம எழுத்தாளர் பிளினி இதை அப்படியே தன் இயற்கை வரலாற்றின் ஆறாம் புத்தகத்தில் ஏற்றினார். மூன்றாம் நூற்றாண்டில் சொலினஸ் அதைப் பார்த்தெழுதினார். ஒருவர் எழுதியதை அடுத்தவர் உருவ உருவ, ராக்கியாதான் முதல் பக்கம்.

கூகுளில் முதலிடம் உறுதி என்று முற்பணம் கேட்கிறவர்களுக்கும் இங்கே மூதாதை உண்டு: கடல்கட்டி. முத்துக்குளிப்பில் மந்திரம் ஓதிச் சுறாவின் வாயைக் கட்டுகிறவர். அவர் இல்லாமல் குளியாளி கடலில் இறங்கமாட்டான். ஆகவே வெள்ளைக்கார அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்தது, சிப்பியிலும் பங்கு. சுறா பெரும்பாலும் யாரையும் கடிப்பதில்லை. தொழிலின் சூட்சுமம் அவ்வளவுதான்.

அந்த அரசாங்கமும் லேசுப்பட்டதல்ல. மரிச்சுக்கட்டியில் சிப்பியைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் கூறும். வாங்கினவன் அதை அழுகவைத்து, ஈயோடும் நாற்றத்தோடும் நாட்கணக்கில் கிடந்து, பிறகு கழுவி அரித்து முத்துத் தேடவேண்டும். 1905இல் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி. அந்தக் கணக்கு சூடாக இருக்கும்போதே, 1906இல், கடற்படுக்கையையே 20 வருடத்துக்கு, வருடம் 3,10,000 ரூபாய்க்கு, லண்டன் கம்பனி ஒன்றின் தலையில் கட்டியது. 1907க்குப் பிறகு அந்தப் படுக்கையில் சிப்பியைக் காணோம். கடல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. கம்பனி கலைந்தது.

மருமகன் கவனமாகக் கேட்டான். பெருக்கமரத்தை அழித்தான். நல்ல பிள்ளை என்று நினைக்கும்போதே வேறொன்றைத் தட்டினான்: "அமைதியான ஊர். வழக்கு, வம்பு எதுவும் இல்லை."

பக்கத்துக் காணிக்காரனோடு அவனுக்கு எல்லை வழக்கு. வியாழக்கிழமை தவணை.