ஒரகடத்துப் பாம்பு போட்டோகிராபர்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் ஆகிய தொழிற்பேட்டைகளில் அநேகமாக ஒவ்வொரு தொழிற்சாலையிலும் ஒரு பாம்பு போட்டோகிராபர் இருப்பார். சம்பளப் பட்டியலில் பெயின்ட் ஷாப் ஆபரேட்டர் என்றோ குவாலிட்டி இன்ஸ்பெக்டர் என்றோ இருக்கும். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் 'பாம்பு' என்ற அடைமொழி பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். ஏரிக்கரையையும் சீமைக்கருவேலங் காட்டையும் ஒட்டிக் காம்பவுண்டுச் சுவர்கள் எழுந்தபோது உண்டான வகை இது. கேன்டீன் மிச்சத்துக்கு எலி வரும், எலிக்குச் சாரையும் நல்ல பாம்பும் வரும், பாம்புக்கு இவர் வருவார்.

வடகிழக்குப் பருவமழையில் வளைகளில் தண்ணீர் புகும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இவருக்கு சீசன். இரண்டாம் ஷிப்ட் விடும் நள்ளிரவு இவருக்கு உகந்த வேளை. பகல் சூடு ஆறாத தார்ச்சாலையில் பாம்புகள் குளிர்காய வரும் நேரமும் அதுதான். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு இவருக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். பாதி வழியில் "அண்ணே, நிறுத்துங்க!" என்று குரல் வந்தால் டிரைவர் காரணம் கேட்பதில்லை.

இளநிலையில் இவரிடம் ஒரே ஒரு கொள்கை உண்டு: பாம்பு படம் எடுத்தால்தான் இவரும் படம் எடுப்பார். தன் பாட்டுக்குப் போகும் நல்ல பாம்பை ஹெல்மெட்டால் மறித்து, குச்சியால் சீண்டி, எழுந்து நிற்க வைப்பார். அது பயந்துபோய் விடுக்கும் கடைசி எச்சரிக்கைக்கு 'மாஸ் லுக்' என்று தலைப்பிட்டுக் குழுவில் போடுவார். பாம்புக்கு இமை கிடையாது. முகத்தருகே பிளாஷ் அடித்தாலும் கண்ணை மூடிக்கொள்ள அதற்கு வழியில்லை. அந்த முறைப்பையும் 'என்ன ஒரு கெத்து' என்றே இவர் எடுத்துக்கொள்வார்.

இனம் காண்பதில் இவருக்குத் தயக்கமே கிடையாது. வளர்ந்த சாரை இவர் கணக்கில் ராஜநாகம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் ராஜநாகம் சிப்காட்டுக்கு எந்த பஸ்ஸில் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. இதனால் யாருக்கும் கேடில்லை. கேடு அடுத்ததில் இருக்கிறது. "மலைப்பாம்புக் குட்டிதாம்பா, ஒண்ணும் பண்ணாது" என்று இவர் கிட்டே போவது பெரும்பாலும் கண்ணாடி விரியனிடம். முதுகில் சங்கிலி கோத்தாற்போல மூன்று வரிசைப் புள்ளிகள், குக்கர் போலச் சீறல் என்று அது தன் அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிப்பதும் வேட்டைதான். 2022 திருத்தத்துக்குப் பிறகு நல்ல பாம்பும் சாரையும் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் இருக்கின்றன. ஆக, சாரையின் வாலைப் பிடித்துத் தூக்கி போஸ் கொடுப்பவர் சட்டத்தின் கண்ணுக்குப் புலி வாலைப் பிடித்தவர். பிடிக்கத் தெரிந்தவர்கள் வேறு. நஞ்சு எடுப்பதற்காக, அரசு அனுமதியோடு பாம்பு பிடிக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கியது. அதன் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் புளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

முதுநிலை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வாய்த்தவரைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம், ஏனென்றால் அவர் தூரத்தில்தான் நிற்பார். பாம்பின் நீளத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி, ஜூம் வைத்து, நாலு படத்தோடு முடித்துக்கொள்வார். அது போகும் வழியை அடைக்க மாட்டார். புரட்டிய கல்லை இருந்தபடியே வைப்பார். பாம்பு தோல் உரிப்பதற்குச் சில நாட்கள் முன்பு அதன் கண் பால் படிந்தாற்போல மங்கியிருக்கும், அப்போது கேமராவையே வெளியே எடுக்க மாட்டார். தனியாகவும் போக மாட்டார், செருப்புக் காலோடும் போக மாட்டார். நஞ்சுமுறிவு மருந்து எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்பது கூட வருபவருக்கும் தெரிந்திருக்கும். கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், அசைக்காமல் 108இல் ஏற்ற வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.

இந்நிலையில் இவர் படங்களுக்கு லைக் குறைந்துவிடும். பாதிப் படங்களில் புல்தான் தெரியும், பாம்பை வட்டம் போட்டுக் காட்ட வேண்டியிருக்கும். ஆனால் தேதி, நேரம், பக்கத்தில் தண்ணீரா புதரா என்ற குறிப்போடு ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் ஏற்றும்போது அதே படம் ஆய்வாளர்களுக்கு உதவும் பதிவாகிவிடுகிறது. அழியும் நிலையிலுள்ள இனமென்றால் அந்தத் தளமே இடத்தைத் துல்லியமாகக் காட்டாமல் மறைத்துவிடும். நட்சத்திர ஆமையைத் தேடி அலையும் கடத்தல்காரர்களுக்கு மேப் பின் ஒன்றே போதும் என்பதால், குழுவில் போடும் படத்திலும் இவர் இடக்குறிப்பை நீக்கிவிடுவார். "எங்கண்ணே எடுத்தீங்க?" என்று கேட்பவருக்குப் பதில் மரியாதையோடு வரும்: "காஞ்சிபுரம் மாவட்டம், தம்பி."